கைமாறிய சாமான்கள்

பழைய உடுப்புக்கு இப்போது புதுப்பெயர் வந்திருக்கிறது. 'த்ரிஃப்ட்' என்கிறாள் என் மகள். கொழும்பில் அதற்கென்றே கடைகள் உண்டாம். கடைக்குப் போகவும் வேண்டாமாம். தொலைபேசியில் படம் பார்த்து, அளவு கேட்டு, பணத்தை வங்கியில் போட்டுவிட்டால் பொதி வீடு தேடி வரும். அப்படி ஒன்று எங்கள் வீட்டுக்கும் வந்தது. பிரித்தால், யாரோ உடுத்துக் கழித்த நீலநிற லினன் சட்டை. கழுத்தடியில் லேபல் வெளிறிப் போயிருந்தது.

"பழசா?" என்று கேட்டேன்.

"பழசு எண்டு சொல்லக்கூடாது உம்மா. ப்ரீ-லவ்ட்."

முன்பு நேசிக்கப்பட்டது என்று பொருளாம். எனக்குச் சிரிப்பு வந்தது. 1990 இன் கடைசியில், பதினான்கு வயதில் எனக்குக் கிடைத்த சட்டையும் முன்பு யாரோ நேசித்ததுதான். அந்த யாரோ எங்கள் குடிலிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்தாள்.

வடக்கிலிருந்து நாங்கள் வெளியேற்றப்பட்ட கதையை இந்தப் பக்கங்களை வாசிப்பவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 1990 ஒக்டோபர் கடைசியில் 70,000 இற்கும் மேற்பட்டோர் சில நாட்களுக்குள் ஊரை விட்டு இறங்கினோம். யாழ்ப்பாணத்தில் எங்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். புத்தளத்துக்கு வந்து சேர்ந்தபோது அந்த ஊர் மக்கள் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் வீடுகளையும் எங்களுக்குத் திறந்துவிட்டார்கள். தங்கள் அலுமாரிகளையும் திறந்தார்கள். அப்படித்தான் எனக்கு அந்த ரோஜாப்பூப் போட்ட சட்டை வந்தது. வெள்ளைக் கொலர், இடுப்பில் பின்னால் கட்டும் நாடா. நல்ல சட்டை. கிழிசல் இல்லை.

1991 நோன்புப் பெருநாளன்று அதை உடுத்திக்கொண்டு உம்மாவோடு ஒரு வீட்டுக்கு ஸலாம் சொல்லப் போனேன். அந்த வீட்டுப் பிள்ளை என்னைக் கண்டதும் உள்ளே ஓடிப்போய்த் தாயைக் கையில் பிடித்து இழுத்து வந்தாள். "உம்மா, என்ட சட்டை!" அவள் கேலி பண்ணவில்லை. காணாமற்போன பூனைக்குட்டி திரும்பி வந்ததுபோல் சந்தோஷமாகத்தான் சொன்னாள். எனக்குச் சுட்டது அந்தச் சந்தோஷம்தான். அவளுடைய தாய் எனக்கு வட்டிலப்பத்தில் பெரிய துண்டாக வெட்டிக் கொடுத்தார். அதை எப்படித் தின்றேன் என்று நினைவில்லை.

வாப்பா தையற்காரர். யாழ்ப்பாணத்தில் கடை வைத்திருந்தவர். மெஷின் அங்கேயே நின்றுவிட்டது. முகாமில் யாரோ இரவலாகத் தந்த ஒரு கைமெஷின் இருந்தது. நான் நடந்ததைச் சொல்லவில்லை, உம்மா சொன்னார். வாப்பா ஒன்றும் பேசாமல் குப்பி விளக்கடியில் சட்டையை வைத்துத் தையல் பிரிக்கத் தொடங்கினார். வெள்ளைக் கொலரைக் கழற்றி வீசினார். சீலையை உட்புறம் வெளியே வரத் திருப்பினார். பூக்கள் மங்கலாகி, தூரத்தில் பார்க்கையில் வெறும் புள்ளிகளாகத் தெரிந்தன. வேறொரு துணியில் முழுக்கை வெட்டிப் பொருத்தினார், கீழேயும் ஒரு சாண் பட்டி. அடுத்த கிழமை அந்தப் பிள்ளை என்னோடு கதைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

மாற்றித் தைப்பது என்றால் என்ன என்று நான் கற்றுக்கொண்டது அந்த விளக்கடியில்தான். வாப்பாவைப் பொறுத்தவரை அது மறைக்கிற வேலை. உடுப்பில் இருக்கிற பழைய ஆளை வெளியே அனுப்பிவிட்டு என்னை உள்ளே வைக்கிற வேலை.

முகாமுக்கு உடுப்புகள் பொதி பொதியாக வந்தன. யார் எதை நினைத்துக் கட்டி அனுப்பினார்களோ! கம்பளிக் கோட்டுகள்கூட வந்தன. உப்பு விளைகிற புத்தளத்து வெயிலுக்குக் கம்பளிக் கோட்டு! வாப்பா அவற்றை வெட்டி, பாடசாலைப் பைகளும் தலையணை உறைகளும் தைத்தார். பெரியவர்களின் களிசான்கள் பையன்களின் அரைக்களிசான்களாயின. கரை கிழிந்த சேலைகள் குழந்தைகளுக்குச் சட்டையாயின. எதுவுமே வெட்டுப்படாமல் வெளியே போகவில்லை.

அவர் கையில் நான் மிகவும் ரசித்த வேலை கொலர் திருப்புவது. சேர்ட்டில் முதலில் தேய்வது கொலரின் மடிப்புத்தான், கழுத்தில் உரசி உரசி நூல் தெரியத் தொடங்கும். மற்றப் பாகமெல்லாம் உழைக்கக்கூடியதாகவே இருக்கும். கொலரைத் தாங்கும் பட்டியிலிருந்து அதை மட்டும் பிரித்தெடுத்து, புரட்டி, அதே துளைகளைப் பார்த்துத் தைத்துவிட்டால் தேய்ந்த பக்கம் கீழே போய்விடும். சேர்ட்டுக்கு இன்னும் இரண்டு வருட ஆயுள். கொலரின் இரு பக்கமும் ஒரே துணியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. அந்தக் காலத்து அரசாங்க உத்தியோகத்தர்கள் பலர் திருப்பிய கொலரோடுதான் கந்தோருக்குப் போனார்கள். வெளியே சொல்லவில்லை. இன்று கொலர் திருப்பத் தெரிந்த தையற்காரரைத் தேடிப் பிடிப்பதே கஷ்டம்.

2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு எங்கள் பாடசாலை ஆசிரியர்கள் சிலரோடு கல்முனைப் பக்கம் போயிருந்தேன். சாய்ந்தமருது, மருதமுனை. வீதியோரங்களில் உடுப்புக் குவியல்கள் கிடந்தன. மழையில் நனைந்து மண்ணோடு ஒட்டியிருந்தன. மாடு ஒன்று அவற்றின்மேல் படுத்திருந்தது. மருதமுனை நெசவூர். சாரனும் சேலையும் நெய்து நாடு முழுக்க உடுக்கக் கொடுத்த ஊர். அந்த ஊரின் தறிகளைக் கடல் கொண்டுபோயிருக்க, வாசலில் ஊர் பேர் தெரியாதவர்களின் பழைய காற்சட்டைகள். எங்கள் லொறியில் புதுச் சாரனும் உள்ளுடுப்பும் ஊசியும் நூலும்தான் இருந்தன. முகாமில் பதினான்கு வருடம் இருந்தவர்கள் கட்டிய பொதி அது. என்ன கட்டுவது என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

இவ்வளவும் பட்ட பிறகு பழைய உடுப்பு என்றால் எனக்கு வெறுப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஆசிரியச் சம்பளத்தில் மூன்று பிள்ளைகளை வளர்த்தவளுக்கு வெறுப்பும் ஒரு செலவுதான். புறக்கோட்டை நடைபாதையில் மணிக்கணக்காகக் குனிந்து நின்று பொறுக்கியிருக்கிறேன். 1978 இல் கட்டுநாயக்க வர்த்தக வலயம் வந்ததிலிருந்து, தைத்து ஏற்றுமதிக்கு எடுபடாத உடுப்பு எங்கள் நடைபாதைகளுக்கு வந்துகொண்டே இருக்கிறது. லேபலின் குறுக்கே ஒரு வெட்டு இருக்கும், அல்லது கறுப்பு மையில் ஒரு கோடு. அதை 'ரிஜெக்ட்' என்பார்கள். சிலது உண்மையில் குறையுள்ளது, சிலது கூடுதலாகத் தைத்துவிட்டது. எடுத்தவுடனே நான் தேடுவது அந்தக் குறையைத்தான். எதற்காகத் தள்ளினார்கள் என்று கண்டுபிடித்துவிட்டால் பயமில்லை. ஓர் இடத்தில் தையல் துள்ளியிருக்கும், இரண்டு கைகளும் ஒரே நிறத்தில் இராது. கண்டுபிடிக்க முடியாவிட்டால்தான் யோசிக்க வேண்டும்.

உடுத்த உடுப்பென்றால் சோதனை வேறு. அக்குளைப் பார்க்க வேண்டும், கொலரின் உள்மடிப்பைப் பார்க்க வேண்டும், களிசானென்றால் தொடை இடுக்கைப் பார்க்க வேண்டும். துணியை வெளிச்சத்துக்குப் பிடித்தால் பூச்சி தின்ற துளை வானத்து மீன்போலத் தெரியும். மடிப்பில் உபரித் துணி விட்டிருக்கிறார்களா என்பது முக்கியம். பழைய தையலில் ஓர் அங்குலமாவது இருக்கும், வேண்டியபோது பிரித்துப் பெருப்பிக்கலாம். இப்போதைய மலிவுத் தையலில் ஒன்றும் மிஞ்சாது. கறைக்கு மருந்துண்டு, மணத்துக்கு வெயிலுண்டு. நைந்த துணிக்கு மட்டும் ஒன்றுமில்லை.

மகளும் இதையெல்லாம் என்னிடம் கற்றுக்கொண்டாள். ஆனால் அவள் செய்வது வேறு. அந்த நீல லினன் சட்டைக்கு முழுக்கை வேண்டியிருந்தது. நான் அதே நீலத்தில் துணி தேடிக்கொண்டிருக்க, அவள் கட்டம் போட்ட மருதமுனைச் சாரனொன்றை வெட்டிக் கை வைத்தாள். முழங்கையில் இருந்த சிறு கிழிசலைச் சிவப்பு நூலால் தைத்தாள். "தெரியுமே மகள்" என்றேன். "தெரியத்தானே உம்மா தைக்கிறன்" என்றாள். வாப்பா இருந்திருந்தால் அந்தச் சிவப்பு நூலை ராவோடு ராவாகப் பிரித்திருப்பார். எனக்கு அது அழகாகத்தான் பட்டது. ஆனாலும் ஒன்று உறுத்தியது. மாதத்துக்கு நான்கு புதுச் சட்டை வாங்க வசதியுள்ள பிள்ளைகளும் இப்போது அந்த நடைபாதைக்கு வருகிறார்கள். நல்லதைப் பொறுக்கிக்கொண்டுபோய்ப் படம் பிடித்து மூன்று மடங்கு விலைக்கு விற்கிறார்கள். வேறு வழியில்லாமல் அங்கே வருகிற தாய்க்கு மிஞ்சுவது நைந்ததுதான். இதை மகளிடம் சொன்னேன். அவள் பதில் சொல்லவில்லை. சொல்லாமலிருந்தது நல்லது என்று நினைக்கிறேன், யோசித்திருப்பாள்.

2022 வந்தது. செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தை எட்டப் பார்த்தது. டொலர் 200 ரூபாவிலிருந்து 360 இற்குப் போயிருந்தது. அந்த ஒரு வருடத்தில் மட்டும் மூன்று இலட்சத்துக்கும் அதிகமானோர் வேலைக்காக நாட்டை விட்டுப் போனார்கள். வீட்டுச் சாமான்கள் தெருவுக்கு வந்தன. 'வெளிநாடு செல்வதால் விற்பனைக்கு' என்று மதில்களில் ஒட்டியிருந்தது. எங்கள் வீட்டில் மகளுக்குக் கலியாணம் பேசி முடிந்திருந்தது.

பெண் வீட்டார் என்ன கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதை நம் சமூகத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. மாப்பிள்ளை வீட்டார் எதுவும் கேட்கவில்லை. கேட்காமலே கொடுக்க வேண்டிய பட்டியல் ஒன்று எல்லாருடைய தலைக்குள்ளும் இருக்கிறதே! கட்டில், அலுமாரி, கண்ணாடி மேசை, சாப்பாட்டு மேசை, சோபா செட். கடையில் விலை கேட்டோம். மரத்தூளை அமுக்கி மேலே கடதாசி ஒட்டிய அலுமாரிக்கு ஒரு இலட்சத்துக்குக் கிட்டச் சொன்னார்கள். ஒரு மாரி ஈரத்துக்கே ஊதிவிடும் சாதி அது. என் கணவர் தவணைப் பணக் கணக்குப் போட ஆரம்பித்தார். அப்போது மகள்தான் சொன்னாள், "நான் பழசில தேடிச் செய்யிறன் வாப்பா" என்று. வீட்டில் மூன்று நாள் பேச்சில்லை. மகளின் மானத்தைப் பழைய சாமானில் வைத்து அனுப்புவதா என்பது அவர் கவலை. அந்தக் கவலையை நான் குறை சொல்ல மாட்டேன். அவரும் என்னைப்போல் பெயர்ந்து வந்தவர்தான். ஒரு காலத்தில் எல்லாமே பழசாக இருந்த வீட்டில் வளர்ந்தவர்.

பழைய தளபாடத்தின் சந்தையே யாரோ புறப்பட்டுப் போவதில்தான் நடக்கிறது. 1956 இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தபின் பறங்கியர் குடும்பம் குடும்பமாக அவுஸ்திரேலியாவுக்குப் போனார்கள். அவர்களின் தேக்குக் கட்டில்களும் பிரம்புக் கதிரைகளும் இங்கே நின்றன. அம்பலாங்கொடையில் காலி வீதியோரமாகப் பழம்பொருட் கடைகளைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்கு அதுதான் நினைவுக்கு வரும். போகிறவர் விலை பேச முடியாது. நாள் குறித்துவிட்ட ஆளிடம் பேரம் பேசுவது சுலபம். நாங்களோ விற்கவே இல்லை.

சிலாபத்தில் ஒரு வீட்டில் அலுமாரி ஒன்று கிடைத்தது, 25,000 ரூபாவுக்கு. பச்சை எனாமல் பெயின்ட் மூன்று பூச்சுப் பூசிய கோரமான சாமான். மகள் லாச்சியை வெளியே இழுத்துத் தலைகீழாகப் பிடித்தாள். மூலையில் ஆணி இல்லை. மரத்துக்குள் மரம் கோத்திருந்தது. பெயின்ட் படாத அடிப்பக்கம் பலாமரம். முதலில் மஞ்சளாக இருந்து வயதாக ஆகச் செம்பழுப்பாகிற மரம் அது. பின்பலகையில் புழுத்துளைகள் இருந்தன. துளையடியில் புதுத்தூள் கொட்டியிருந்தால் புழு உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம், தூளில்லை. ஆனாலும் ஊசிக்குழாயால் துளை துளையாக மருந்து ஏற்றினோம்.

பெயின்ட் கழற்ற ஒன்றரை மாதம். இதைச் செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பழைய எனாமல் பூச்சில் ஈயம் இருக்கக்கூடும். உலர்ந்தபடி தேய்த்துத் தூள் பறக்கவிடாதீர்கள். ஈரமாக்கித் தேயுங்கள், வாயையும் மூக்கையும் கட்டுங்கள், சிறு பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள். பிறகு மெல்லிய சாண்ட் பேப்பர், மரத்தின் ஓட்டத்தோடு மட்டும். குறுக்கே இழுத்த கீறல் பொலிஷ் போட்டபின்தான் தெரியும், அப்போது அழுது பயனில்லை. அரக்குச் செதிலை ஸ்பிரிட்டில் ஒரு இரவு ஊறவைத்து, பஞ்சைச் சீலைக்குள் பொதிந்து, வட்டம் வட்டமாகத் தேய்க்க வேண்டும். ஒரு பூச்சு காய்ந்து மறு பூச்சு. பக்கத்து ஓடாவியார் இரண்டு நாள் வந்து காட்டித் தந்தார். மூன்றாம் நாள் வந்து பார்த்துவிட்டு, "இனி நான் தேவையில்லை" என்று தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். கதவின் உட்புறத்தில் பென்சிலால் உயரக்கோடுகள் இருந்தன. யாரோ பிள்ளைகளை நிறுத்திவைத்து அளந்திருக்கிறார்கள். நான் அழிக்கச் சொன்னேன். மகள் அதன்மேல் பேப்பர் வைக்கவில்லை. அரக்குப் பூசி அப்படியே மூடிவிட்டாள்.

கலியாணத்துக்கு முந்திய மாதம் மாப்பிள்ளையின் உம்மாவும் ஒரு மாமியும் வந்தார்கள். மாமி, "இது பழசு போல?" என்று கேட்டார். என் கணவர் கூரையைப் பார்த்தார். "ஓம் மாமி, எழுபது வருசமாவது இருக்கும்" என்று மகள் குதூகலமாகச் சொன்னாள். சம்பந்தி ஒன்றும் பேசவில்லை. லாச்சியை இழுத்தார், மூடினார். இன்னொரு தரம் இழுத்தார். அது சத்தமில்லாமல் ஓடியது. "எங்கட வீட்டுது இழுக்கையிலே கையோட வரும்" என்றார். அதைப் பாராட்டாக எடுப்பதா வேண்டாமா என்று அன்றிரவு முழுக்க எங்களுக்குள் விவாதம். சோபா செட் மட்டும் கணவரின் பிடிவாதத்தில் புதிதாகவே வாங்கினோம். இன்றுவரை அதன் பொலித்தீன் உறை கழற்றப்படவில்லை. வருகிறவர்கள் பழைய பிரம்புக் கதிரையில்தான் உட்காருகிறார்கள்.

சாப்பாட்டு மேசைதான் கடைசியாகக் கிடைத்தது. அதைச் சொல்வதற்கு முன் வாப்பாவின் மேசையைச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் அவர் துணி வெட்டியது ஏழடி நீள முதிரை மேசையில். அதன் விளிம்பில் அங்குலத்துக்கு ஒரு கீறாகக் கத்தியால் அடையாளம் வைத்திருந்தார். பன்னிரண்டாவது கீறு ஆழமாக இருக்கும். முப்பத்தாறில் ஒரு பித்தளை ஆணி. அளவுநாடா எடுக்காமலே விரலால் தடவி யார் வெட்டுவார் என்றால் வாப்பா வெட்டுவார். 2010 இல் அவரைச் சோனகத் தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வீட்டில் கூரை இல்லை, கதவும் இல்லை, நிலையும் இல்லை. சன்னல் இருந்த இடம் ஓட்டையாக இருந்தது. வாப்பா அழவில்லை. மேசை நின்ற மூலையைப் பார்த்துக்கொண்டு நின்றவர், "எப்பிடி வெளியில எடுத்திருப்பாங்கள்? அறைக்குள்ள வச்சுத்தானே பூட்டினது. கால் கழட்டாம வாசலால போகாதே" என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் அதே யோசனை. மறுவருடம் மௌத்தானார்.

அதற்குப் பிறகு பழைய மேசை எதைக் கண்டாலும் என் விரல் தானாக விளிம்புக்குப் போகும். இது தேடல் அல்ல, பழக்கம்.

குருநாகலில் மூடப்பட்ட ஒரு தையற்கடையின் மேசை விற்பனைக்கு இருப்பதாக மகள் சொன்னாள். போனோம். தேக்கு, ஆறடி, மேலெல்லாம் கத்தரிக்கோல் வடு. விளிம்பைத் தடவினேன். கீறுகள் இருந்தன. ஒரு கணம் நின்றேன். ஆனால் அவை அரை அங்குலத்துக்கொன்று வெட்டியவை, வாப்பாவை விடப் பொறுமையான கை. ஆணி இல்லை. கடைக்காரரின் மகன் விலை சொன்னான். அவனுடைய தந்தை எப்போது மோசம் போனார் என்று கேட்டேன், சொன்னான். நாங்கள் விலையைக் குறைக்கச் சொல்லவில்லை.

மேசை முற்றத்துக்கு வந்ததும் மகள் சாண்ட் பேப்பரை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். மேற்பலகையில் வடுக்கள் போகவேண்டும், சோறு வைக்கிற இடம். விளிம்பு என்ன செய்வது என்று கேட்டாள். வாப்பாவாக இருந்தால் ஒரு கீறும் மிஞ்சாமல் இழைத்திருப்பார். நான் நீளப்பக்கத்து விளிம்பைக் காட்டினேன். மற்ற மூன்று பக்கத்தையும் அவள் தேய்த்தாள்.